கோவா முதல் நவல்பட்டு வரை: வீட்டுத் துப்பாக்கி வந்த வழி

துப்பாக்கி செய்கிற ஊர் திருச்சி. நவல்பட்டுப் பக்கம் 1966-ல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலையை ஊர்மக்கள் இன்றும் ‘துப்பாக்கித் தொழிற்சாலை’ என்றே சொல்கிறார்கள். ஆனால் அதே திருச்சியில், ‘உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறார்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவார்கள். நள்ளிரவில் கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டால் நம் கை தேடுவது டார்ச் லைட்டையும் செல்போனையும்தான். அமெரிக்காவிலோ, வீட்டுக்குள் இருக்கும்போதும் இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்வது நல்லதா என்பது அன்றாட விவாதம். ஒரே பொருள் அங்கே வீட்டுச் சாமான், இங்கே போலீஸ் ஸ்டேஷன் சமாசாரம். இந்தப் பிரிவு எங்கே நேர்ந்தது என்று தேடிப் போனால், வழியில் கோவாவும் ஜப்பானும் வருகின்றன. பிறகு வண்டி நேராக சமயபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வந்து நிற்கிறது.

வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த போர்ச்சுகீசியர்களோடு திரித்துப்பாக்கியும் வந்தது. கயிற்றுத் திரியில் கனலும் நெருப்பை மருந்தில் தொடவைத்துச் சுடுகிற ரகம் அது. 1510-ல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க், அங்கிருந்த கொல்லர்களின் கைத்திறனைப் பார்த்து வியந்துபோனார். இவர்கள் செய்யும் துப்பாக்கி ஐரோப்பியருடையதற்குக் குறைந்ததல்ல என்று தம் மன்னருக்கே எழுதினார். கொண்டுவந்தவரைவிடப் பார்த்துச் செய்தவர் கெட்டிக்காரராகிவிடுவது துப்பாக்கியின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கும்.

ஜப்பானில் அது 1543-ல் நடந்தது. போர்ச்சுகீசியர் சிலரோடு வந்த ஒரு சீனக் கப்பல் தனேகஷிமா என்ற சிறு தீவில் ஒதுங்கியது. தீவின் இளம் தலைவர் அவர்களிடமிருந்து 2 துப்பாக்கிகளை வாங்கித் தம் கொல்லரிடம் கொடுத்தார். அந்த 2 துப்பாக்கிகளின் விசை அமைப்பு கோவா, மலாக்கா பட்டறைகளின் பாணி என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சில பத்தாண்டுகளில் ஜப்பானியப் போர்களின் போக்கையே அந்த நகல்கள் மாற்றிவிட்டன. பிறகு 1588-ல் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி ஓர் ஆணை போட்டார்: விவசாயிகள் வாள், ஈட்டி, துப்பாக்கி எதையும் வைத்திருக்கக் கூடாது. பறித்த இரும்பெல்லாம் கியோட்டோவில் எழும் பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணியாகவும் தாழ்ப்பாளாகவும் போகும் என்று சொல்லப்பட்டது. குடிமகனின் வீட்டில் ஆயுதம் இருக்கலாமா என்ற கேள்விக்கு அரசு சொன்ன பழைய பதில்களில் இதுவும் ஒன்று.

தமிழ்நாட்டில் நாயக்கர் காலத்துப் பாளையங்களுக்குள் திரித்துப்பாக்கி புகுந்தது. ஆனால் சாதாரணக் குடித்தனக்காரரின் வீட்டைக் காத்தது அது அல்ல. பாடிகாவல், தேசகாவல் என்று ஒரு முறை இருந்தது. ஊரார் காவல் கூலி கொடுப்பார்கள். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். காவலும் இன்சூரன்ஸும் ஒரே கையில் இருந்த ஏற்பாடு. கூலியை மிரட்டி வாங்கிய காவல்காரர்களும் இருந்தார்கள். ஆனாலும் ஆயுதம் ஊருக்குப் பொதுவான பொறுப்பாக இருந்தது, வீட்டுக்கு வீடு இல்லை.

ஸ்ரீரங்கம் இந்த ஏற்பாட்டிலும் தனி. ஏழு பிராகாரங்களில் வெளிச்சுற்றுகளுக்குள் உத்தர வீதியும் சித்திரை வீதியும் வீடுகளோடு அடங்கிக் கிடக்கின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நேர்கோட்டில் நீளும் வீடு. இந்தப் பக்கச் சுவரும் அந்தப் பக்கச் சுவரும் அண்டை வீட்டோடு பங்கு. வீட்டைச் சுற்றித் தெரு, தெருவைச் சுற்றி மதில், மதிலைச் சுற்றிக் காவிரியும் கொள்ளிடமும். இவ்வளவு அரணாக இருந்ததால்தான் படைகளுக்கும் அந்த இடத்தின் மேல் கண் விழுந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போரில், பிரெஞ்சுக்காரரின் கூட்டாளி சந்தா சாகிபும் பிரெஞ்சுத் தளபதி ழாக் லாவும் ஸ்ரீரங்கம் தீவுக்குள் புகுந்துகொண்டார்கள். 1752 ஜூனில் லா சரணடைந்தார், சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, சமயபுரத்தில், ஓர் இரவு. ஆங்கிலேயப் படையின் ராபர்ட் கிளைவ் கோயிலை ஒட்டிய சத்திரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் படையினர் இருட்டில் வந்தார்கள். காவலில் நின்ற சிப்பாய்கள் யாரென்று கேட்டபோது, ஆங்கிலேயப் படையிலிருந்து பிரெஞ்சுப் பக்கம் ஓடிப்போயிருந்த ஒருவர் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார்: தளபதி லாரன்ஸ் அனுப்பிய உதவிப்படை நாங்கள். உள்ளே விட்டுவிட்டார்கள். சத்திரத்துக்குள் பாய்ந்த தோட்டா ஒன்று கிளைவின் காலடியில் இருந்த பெட்டியை நொறுக்கி, பக்கத்தில் படுத்திருந்த வேலைக்காரரைக் கொன்றது. விழித்தெழுந்த கிளைவ், தம் சிப்பாய்கள்தான் பயத்தில் வீணாகச் சுடுகிறார்கள் என்று நினைத்து வெளியே ஓடி, சுட்டுக்கொண்டிருந்தவர்களைத் திட்டி அதட்டினார். அவர்கள் எதிரியின் சிப்பாய்கள்! வாள்வெட்டு விழுந்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. விடிந்ததும், காயத்தோடு இரண்டு சார்ஜெண்டுகள்மேல் சாய்ந்தபடி கோயில் வாசலில் நின்று பேசினார். அவரைக் குறிவைத்துச் சுட்ட குண்டு தப்பி, தாங்கி நின்ற அந்த இருவரையும் துளைத்தது. போரே தொழிலான ஒருவர், சுற்றிலும் காவலோடு, இருட்டில் தம் ஆள் யார், எதிரி யார் என்று தெரியாமல் நின்ற இரவு அது.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1801 ஜூன் 16. மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. நாவலந்தீவின் மக்கள் அனைவரும் வெள்ளையருக்கு எதிராகத் திரளவேண்டும் என்ற அழைப்பு அது. அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்து டிசம்பரில் சென்னை ஆளுநரிடமிருந்து இன்னோர் அறிக்கை வந்தது. பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்படும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், வைத்திருந்தால் கடும் தண்டனை. துப்பாக்கியோடு வேலும் வளரியும் கூடப் போயின. அறிக்கையில் கையெழுத்திட்ட ஆளுநர் எட்வர்ட் கிளைவ், சமயபுரத்தில் உயிர் தப்பிய ராபர்ட் கிளைவின் மகன். தந்தை துப்பாக்கியோடு நுழைந்த மண்ணில், மகன் குடிமக்களின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். பழைய ஊர்க்காவல் முறையையும் கிழக்கிந்தியக் கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாக ஒழித்தது. 1860-களில் தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையும் கலைக்கப்பட்டது. சில பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன, பெரும்பகுதி பழைய உலோகமாக விலைபோனது.

1857-ன் கிளர்ச்சி ஆங்கிலேயரின் பயத்தைப் பல மடங்காக்கியது. அதற்குப் பின் வந்த 1860-ஐ நின்று பார்க்கவேண்டும். அந்த ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியது. இரவில் கதவை உடைத்து வீடு புகுபவனைத் தடுக்க, தேவையானால் உயிர்போகும் அளவுக்கும் தாக்கலாம் என்று அது உரிமை தந்தது. நகலை எழுதிய மெக்காலேயின் குழு, இந்தியர்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் துணியவேண்டும் என்று விரும்பியே அந்த உரிமையை விரிவாக வைத்தது. அதே 1860-ல் ஆயுதச் சட்டமும் வந்தது. துப்பாக்கி செய்ய, விற்க, வைத்திருக்கக் கட்டுப்பாடு. ஒரு கையால் உரிமையைக் கொடுத்த அரசு, மறு கையால் கருவியை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே ஒரு விதிவிலக்கும் பிறந்தது. ஆட்சிக்கு விசுவாசமாக இருந்த குடகர்களுக்கு உரிமம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்கும் குடகுக்கு அந்தச் சலுகை 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

வைஸ்ராய் லிட்டன் பிரபு 1878-ல் சட்டத்தை மேலும் இறுக்கினார். இந்தியமொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம் என்ற பாகுபாடு சுட்டது. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் இளைஞர் விபின் சந்திர பால் எழுந்து இதை எதிர்த்துப் பேசினார்.

1907-ல் இன்னொரு விசித்திரம். படைத் துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டா கிளர்ச்சிக்காரர்கள் கையில் சிக்கிவிடும் என்று அஞ்சி, .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். இந்தியச் சந்தையை இழக்க மனமில்லாத இங்கிலாந்துத் தயாரிப்பாளர்கள் .465, .470 என்று புதிய அளவுகளை உருவாக்கினார்கள். ஆப்பிரிக்க யானை வேட்டையில் பேர்பெற்ற .470 தோட்டா, இந்தியச் சட்டத்தைத் தாண்டிக் குதிக்கப் பிறந்த குழந்தை.

சட்டம் எட்டாத இடமும் அருகிலேயே இருந்தது: பிரெஞ்சுப் புதுச்சேரி. திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர், லண்டனிலிருந்து தப்பி அங்கே வந்து இளைஞர்களுக்குச் சுடப் பயிற்சி கொடுத்தார். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் அவரிடம் பயின்றவர். வாஞ்சியின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதை வடிவமைத்த ஜான் பிரௌனிங் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். அவர் உருவாக்கிய .32 தோட்டாவைத்தான், இன்று உரிமம் பெற்ற இந்தியர் வாங்கும் இஷாப்பூர் ‘அஷானி’ பிஸ்டலும் சுடுகிறது.

ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை, விதிகளுக்கு உட்பட்டு, என்று 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் சொன்னது. 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கேட்டார். அம்பேத்கர் ஏற்கவில்லை. 1959-ன் புதிய ஆயுதச் சட்டம் இனப் பாகுபாட்டை விட்டுவிட்டு உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டது. பின்னர் எழுந்த திருச்சித் தொழிற்சாலை படைக்குத் துப்பாக்கி செய்தது. ரஷ்யக் கலாஷ்னிகோவின் வழிவந்த திருச்சி அசால்ட் ரைஃபிள் அதன் பெயரையே தாங்கியது. உரிமம் உள்ள பொதுமக்களுக்காக 12 போர் பம்ப் ஆக்ஷன் துப்பாக்கியும் அங்கே உருவானது.

அமெரிக்கா வேறு வழியில் போனது எப்படி? இரு நாடுகளுக்கும் விதை ஒன்றுதான். ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை என்ற கருத்தை 1604-ல் ஓர் ஆங்கிலேய வழக்கு நிலைநாட்டியது. 1689-ல் இங்கிலாந்து தன் புராட்டஸ்டண்டுகளுக்கு ஆயுதம் வைத்திருக்க உரிமை தந்தது. 1791-ல் அமெரிக்கா அதை அரசியல் சட்டத்தில் ஏற்றியது. 2008-ல், வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆங்கிலச் சட்டத்தின் ஒரு கிளை அங்கே துப்பாக்கியைக் காய்த்தது, இங்கே தண்டனைச் சட்டத்தின் பிரிவை மட்டும் காய்த்தது.

அந்தத் துப்பாக்கி வீட்டைக் காத்ததா? 1993-ல் ஆர்தர் கெல்லர்மன் குழு நடத்திய ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் ஒருவர் கொல்லப்படும் அபாயம் 2.7 மடங்கு அதிகம் என்று கண்டது. கொன்றவர் பெரும்பாலும் குடும்பத்தினரோ தெரிந்தவரோதான். ஆய்வு முறையைக் குறைசொன்னவர்கள் உண்டு. 1996-ல் இந்த மாதிரி ஆய்வுகளுக்கான அரசு நிதியையே அமெரிக்க நாடாளுமன்றம் சுருக்கிவிட்டது.

நம் பக்கம் இன்று நிலைமை இது. உயிருக்குக் கடுமையான அச்சுறுத்தல் இருந்தால் உரிமம் கேட்கலாம். வயது 21 ஆகியிருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, பாதுகாப்புப் பயிற்சி உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கவேண்டும். மெக்காலேயின் உரிமையும் சாகவில்லை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ம் பிரிவில் அது இருக்கிறது. தேவைக்கு மேல் ஊறு செய்யக்கூடாது என்ற கடிவாளம் 37-ம் பிரிவில் இருக்கிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தனக்கென்று குறிப்பான மிரட்டல் இல்லாத குடும்பத்துக்கு வீட்டில் துப்பாக்கி வேண்டாம். ரேழியில் நின்று சுட்டால் தோட்டா கூடத்தைத் தாண்டி முற்றத்துக்குப் போகும் வீடுகள் நம்முடையவை. இருட்டில் வருவது திருடனா, இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் மகனா, தண்ணீர் குடிக்க எழுந்த மாமியாரா என்று அரை நொடியில் முடிவு செய்யவேண்டும். குண்டு போட்டுக் கையருகே வைத்தால் குழந்தை கையில் கிடைக்கும். பூட்டிவைத்தால் அந்த அரை நொடிக்கு உதவாது. மனம் உடைந்திருக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், அது எந்தத் திருடனையும்விடப் பெரிய ஆபத்து.

தாத்தா காலத்துத் துப்பாக்கி உரிமத்தோடு வீட்டில் இருந்தால், குண்டை எடுத்துவிட்டு இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள், தோட்டாவை வேறிடத்தில் வையுங்கள். உரிமம் காலாவதியாகியிருந்தால் தயங்காமல் ஸ்டேஷனில் ஒப்படையுங்கள். மற்றவர்கள் கொல்லைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும், வாசலில் ஒரு விளக்கும் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் 112-ஐயும் செல்போனில் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போகும்போது எதிர்வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.