மந்திரமா, மனவாற்றலா: ஒரு விளையாட்டின் எல்லைத் தகராறு

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பகடை உருட்டி, நடுவர் விரித்துரைக்கும் மாய உலகில் உலவும் ஆட்டம் அது. அதன் 1976ஆம் ஆண்டுத் துணைநூலான ‘எல்ட்ரிட்ச் விசார்ட்ரி’ ‘சயானிக்ஸ்’ எனப்படும் மனவாற்றலை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1978ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேடு அதைப் பின்னிணைப்பில் வைத்து, சேர்ப்பதும் விடுப்பதும் நடுவர் விருப்பம் என்றது. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை.

எதிர்ப்போர் வழக்கமாகக் கூறும் காரணம் ஒன்றுதான்: மனவாற்றல் அறிவியல் புனைகதைக்குரியது, வாளும் மந்திரமும் ஆளும் உலகில் அது அந்நியம். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜே. பி. ரைன் ஐந்து குறிகள் கொண்ட 25 சீட்டுகளை வைத்து நிகழ்த்திய சோதனைகளை 1934இல் நூலாக்கினார். டியூக்கிலேயே பட்டம் பெற்ற ஜான் கேம்ப்பெல், 1937 இறுதியில் ‘அஸ்டௌண்டிங்’ இதழின் ஆசிரியரானார். அவ்விதழில் தொலையுணர்வு மாந்தர் பெருகினர். ‘எலக்ட்ரானிக்ஸ்’ போல ஒலிக்க வேண்டும் என்றே ‘சயானிக்ஸ்’ என்ற சொல் 1950களின் தொடக்கத்தில் புனையப்பட்டது. பழைய மாயத்துக்கு ஆய்வக அங்கி அணிவித்த சொல் அது. ஆட்டத்தின் தாக்குதல் வகைகளில் ‘ஈகோ’, ‘இட்’ என்று ஃபிராய்டியச் சொற்கள் வருவதும் இந்த அங்கியின் நூலிழைதான். அரக்கரும் பூதங்களும் திரியும் குகையில் வியன்னா உளப்பகுப்பாய்வு ஒலிப்பது வேடிக்கைக்குரியதே.

ஆனால் மாயக்கதை அத்தனை தூயதாக என்றும் இருந்ததில்லை. கேரி கைகாக்ஸ் தம்மைத் தூண்டிய நூல்களாக 1979இல் வெளியிட்ட பட்டியலில் ஜாக் வான்ஸின் மாயக்கதைகளோடு, மனப்போர் நிகழ்த்தும் துறவியை நாயகனாகக் கொண்ட ஸ்டெர்லிங் லேனியரின் ‘ஹியரோஸ் ஜர்னி’ நாவலும் உண்டு. ஆகவே ‘அந்நியம்’ என்ற வாதம் ஆட்டத்தின் மூலநூல்களுக்கே பொருந்தாது.

உண்மையான சிக்கல் விதியமைப்பில் இருந்தது. அறிவு, ஞானம், ஈர்ப்பு என்னும் மூன்றில் ஒன்றேனும் 16 அல்லது அதற்கு மேற்பட்ட பாத்திரத்துக்கே 1978 விதி வாய்ப்பளித்தது. அடிப்படை வாய்ப்பு நூற்றில் ஒன்று. மூன்றும் 18ஆக அமைந்தாலும் நூற்றில் பத்தைத் தாண்டாது. மந்திரவாதி படிப்படியாக உயர்ந்து ஈட்டுவதை மற்றொருவர் ஒரே பகடை வீச்சில் பெற்றுவிடுவார். அதற்கு மேல், ஒரு சண்டைச் சுற்று பத்துக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்க, மனப்போர் கூறுதோறும் நிகழ்ந்தது. வாளேந்தியவர் ஒருமுறை ஓங்குமுன் மனப்போர் முடிந்துவிடலாம். மற்றவர் அதுவரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். நடுவர்கள் இவ்விதிகளை ஒதுக்கியதற்கு இதுவே போதுமான காரணம். இலக்கிய வகைமையின் தூய்மையைத் துணைக்கு அழைக்க வேண்டிய தேவையே இல்லை.

இந்த ஆற்றல்களின் பட்டியலை இந்திய வாசகர் கண்டால் வியப்படைவார். உடலைச் சுருக்குதல், பெருக்குதல், எடையைத் தணித்து நீர்மேல் நடத்தல், காற்றில் எழுதல், மறைதல் என நீளும் அது, திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் விரித்துரைக்கும் அட்டமாசித்திகளை நினைவூட்டுகிறது. நேரடிக் கடன் என்று சொல்ல ஆதாரம் இல்லை. எனினும் விவேகானந்தரின் ‘ராஜயோகம்’ 1896இலேயே வெளிவந்து அமெரிக்க வாசகரைச் சென்றடைந்தது. பதஞ்சலியின் சித்திகள் அங்கு மனத்தின் ஆற்றல்களாகவே விளக்கப்பட்டன. பதஞ்சலியோ நான்காம் பாதத்தின் தொடக்கத்தில் சித்தி பிறக்கும் வழிகளாகப் பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி என ஐந்தையும் ஒரே வரிசையில் வைக்கிறார். அங்கு மந்திரத்துக்கும் மனத்துக்கும் இடையே வேலி இல்லை. வேலி, பத்தொன்பதாம் நூற்றாண்டு மேற்குலகம் மந்திரத்தை மூடநம்பிக்கை என்றும் மனவாற்றலை ஆய்வுப்பொருள் என்றும் பிரித்தபோது எழுந்தது. ஆட்டக்காரர் அதைக் காலங்கடந்த இலக்கணமாகக் கருதிக்கொண்டனர்.

பதஞ்சலியின் வரிசையில் வைத்துப் பார்த்தால் விதிகளின் வரலாறும் தெளிவாகும். 1978இன் பகடை வீச்சு ‘பிறப்பு’. 1991இல் ஸ்டீவ் வின்டர் எழுதிய முழுக் கையேடு மனவாற்றலைப் பயின்று பெறும் தனி வகுப்பாக்கியது, அது ‘தவம்’. அதே ஆண்டு வந்த ‘டார்க் சன்’ உலகம் வழக்கையே தலைகீழாக்கிற்று. அங்கு மந்திரம் தாவர உயிரை உறிஞ்சி நிலத்தைப் பாலையாக்கும் பழிச்செயல். மனவாற்றலோ ஏறத்தாழ எல்லோரிடமும் உண்டு. அந்த மேசையில் மனவாற்றலை அனுமதிக்கலாமா என்று எவரும் கேட்கவில்லை, அஞ்சப்பட்டவர் மந்திரவாதியே.

பின்வந்த பதிப்புகள் இரு பக்கமும் சாய்ந்தன. 2001இல் தனி நூல், 2004இல் அதன் விரிவு, 2010இல் நான்காம் பதிப்பின் மூன்றாம் கையேட்டில் இடம். ஐந்தாம் பதிப்புக்காக 2015 முதல் 2017 வரை ‘மிஸ்டிக்’ என்ற தனி வகுப்பு சோதனைக்கு விடப்பட்டுப் பின் கைவிடப்பட்டது. 2020இன் ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ அவ்வாற்றலைப் போர்வீரன், கள்வன், பிறவி மந்திரவாதி ஆகிய மூன்று வகுப்புகளின் கிளைகளாகப் பிரித்துக் கொடுத்தது. ஒருகாலத்தில் பின்னிணைப்பில் தனித்து நின்றது, பெயர்ப்பலகை இன்றி வீட்டுக்குள் குடியேறிவிட்டது.