வேகத்திற்கு ஒரு களம்



சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் சென்றால் சோழவரம் என்னும் ஊர் வரும். ஏரிக்குப் பெயர்போன ஊர் அது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமானத்தளம் அமைத்தார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, ஓடுபாதை மட்டும் வெயிலில் காய்ந்து கிடந்தது. போருக்கென்று போட்ட அந்தப் பாதை பின்னாளில் இளைஞர்களின் விளையாட்டுக் களமாயிற்று. அவ்வரலாற்றையும், அதற்கு உறவான மோட்டோகிராஸ் என்னும் மண்தடப் பந்தயத்தின் வரலாற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1953ஆம் ஆண்டில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. சோழவரத்து ஓடுபாதையில் அச்சங்கம் நடத்திய பந்தயங்களைக் காண நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் திரண்டனர். யானும் சிறுவனாக இருந்தபோது, 1970களில், மயிலாப்பூரிலிருந்து பாரிமுனை சென்று, அங்கே பேருந்து மாறி, புளியோதரைப் பொட்டலத்துடன் போய்ப் பார்த்ததுண்டு. 1950களிலிருந்து நமது திருவொற்றியூரில் உருவான என்பீல்டு புல்லட், 1961 முதல் மைசூரில் உருவான ஜாவா ஆகியவை அக்காலத்து இளைஞர்களின் கனவு வண்டிகள். புதுப்பேட்டைக் கடைகளில் உதிரி பாகங்களைத் தேடி வாங்கி, வீட்டு முற்றத்திலேயே எஞ்சினைப் பிரித்துக் கூட்டிய இளைஞர் பலர். சோழவரத்தின் காலம் 1980களோடு முடிந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத்தடம் திறக்கப்பட்டது.

இது வழவழப்பான பாதையின் கதை. மண்பாதையின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1924ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29ஆம் நாள், கேம்பர்லி என்னும் ஊரின் கரடுமுரடான புதர்க்காட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்று நடைபெற்றது. அதற்கு முன்னிருந்த போட்டிகளில், மேடு பள்ளங்களில் கால் ஊன்றாமல் ஓட்டும் நயத்தைப் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். இப்புதிய போட்டியிலோ முந்தி வந்தவனே வென்றவன். இதற்கு ‘ஸ்கிராம்பிள்’ என்று பெயரிட்டனர்; முண்டியடித்துச் செல்லுதல் என்பது அதன் பொருள். பிரெஞ்சுக்காரர் ‘மோட்டோகிராஸ்’ என்றனர். அப்பெயரே உலகில் நிலைத்தது. 1952இல் ஐரோப்பிய சாம்பியன் போட்டியாகவும், 1957இல் உலக சாம்பியன் போட்டியாகவும் அது வளர்ந்தது. 1972இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், விளையாட்டரங்கினுள்ளேயே மண்ணைக் கொட்டி மேடுகள் எழுப்பிப் பந்தயம் நடத்தினர். அதிலிருந்து கிளைத்ததே சூப்பர்கிராஸ்.

இவ்விளையாட்டில் இருக்கையில் அமர்ந்து ஓட்டும் நேரம் குறைவு. வீரன் கால்தாங்கியின் மீது எழுந்து நின்று, முழங்கால்களை மடக்கி, தன் உடலையே ஒரு வில்லாக்கிக் கொள்கிறான். மேட்டில் ஏறிய வண்டி தரையை விட்டு எழும்புகிறது. எழும்புவது எளிது, இறங்குவதே கலை. முன்சக்கரம் முன்னே குத்தினாலும் ஆபத்து, மிகையாக மேலே தூக்கினாலும் ஆபத்து. மண்ணைக் கவ்வுவதற்காக டயரில் குமிழ் குமிழாக ரப்பர் பற்கள் இருக்கும். அதிர்ச்சியை விழுங்குவதற்காக நீண்டு சுருங்கும் தாங்குவில்கள் இருக்கும்.

நம் நாட்டில் மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு 1971இல் அமைந்தது. தேசிய சாம்பியன் போட்டிகள் அதன் ஒப்புதலோடு நடைபெறுகின்றன. சென்னையைச் சேர்ந்த எம்.ஆர்.எப். டயர் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியும் தேசிய சூப்பர்கிராஸ் போட்டி நடந்திருக்கிறது. ஒரே நாளில் முடிந்துவிடுவதன்று இப்போட்டி. பல ஊர்களில் சுற்றுச் சுற்றாக நடப்பது. அயல்நாட்டு வண்டிகள், இந்திய வண்டிகள், புதிதாகப் பழகுவோர் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, இறுதியில் மிகுதியாகப் பெற்றவரே சாம்பியன். ஒரு நாள் பாய்ச்சல் போதாது. ஓர் ஆண்டு முழுவதும் விழாமல் இருத்தல் வேண்டும். உங்கள் படிப்பும் அத்தகையதன்றோ?

இக்களத்தில் பழகியோர் உலக அரங்கிற்கும் சென்றிருக்கின்றனர். பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் 2015இல் டகார் நெடும்பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். தேசிய சூப்பர்கிராஸ் சாம்பியனாக விளங்கிய கேரளத்து ஹரித் நோவா, 2024இல் அதே டகார் பந்தயத்தின் ‘ராலி 2’ பிரிவில் முதலிடம் பெற்றார்.

இப்பந்தயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் கொடி. வீரன் ஒருவன் தடத்தில் விழுந்து கிடந்தால், அவ்விடத்திற்கு முன்னே மஞ்சள் கொடியை வீசுவார்கள். கொடியைக் கண்டபின் யாரும் முந்தக் கூடாது. வெற்றி ஒரு சாண் தூரத்தில் இருந்தாலும், விழுந்தவனுக்காக வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். 1980களில் மயிலாப்பூர்ப் பள்ளியொன்றில் யான் இளம் ஆசிரியனாக இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “சார், சோழவரம் பந்தயத்துக்கு எங்களை ஒரு நாள் அழைத்துப் போவீர்களா? வண்டியை எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்க்கவேண்டும்” என்று கேட்டான். நானே சிறுவயதில் பார்த்து மகிழ்ந்தவன். ஆயினும் ஆசிரியன் என்னும் மிடுக்கில், “முதலில் கணக்கைப் பார்” என்று வகுப்பெல்லாம் சிரிக்கும்படி சொல்லி அனுப்பிவிட்டேன். சில மாதங்களுக்குப் பின் ஓர் இரவு, கடற்கரைச் சாலையில் நண்பர்களோடு போட்டியிட்டு ஓட்டிய அவன் வலக்காலை இழந்தான். அன்று அங்கே தலைக்கவசம் இல்லை, மருத்துவர் இல்லை, மஞ்சள் கொடி வீச ஒருவரும் இல்லை. மருத்துவமனையில் அவன் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனை ஆயிற்று. களத்தைக் காட்ட மறுத்தேன். அவன் தெருவைக் களமாக்கிக்கொண்டான்.

2024ஆம் ஆண்டு சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளிலேயே இரவில் கார்ப்பந்தயம் நடந்தது. அங்கே வேலி இருந்தது, விளக்கு இருந்தது, விதி இருந்தது. அதே நகரச் சாலை, அதே வேகம். ஆயினும் வேறுபாடு எத்துணை!

மாணவர்களே, வேகத்தில் ஆசை கொள்வது குற்றமன்று. அதற்குரிய களத்தைத் தேடுங்கள், கவசம் அணியுங்கள், பயிற்சி பெறுங்கள். பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளை ஒருவன் வந்து கேட்டால், சிரித்து அனுப்பிவிடாதீர்கள். உடன் சென்று காட்டுங்கள்.