ஆள் போன பிறகு நடந்த வேலை

யூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய வரலாறே முதலிடம் பெறுவது வழக்கம். கட்ட வந்தவர்கள் நடுவில் போய்விட்ட வரலாற்றை எழுதுவோர் குறைவு. பங்குக் குரு மாற்றலாகிப் போனதும் சுவர் பாதியில் நிற்பதைக் காணாத பங்கு எது? நம் முன்னோர் கண்டதோ பாதிச் சுவரையல்ல. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வேதபோதக வேலை முழுவதுமே ஆளின்றித் தவித்ததைக் கண்டார்கள். அதை இங்கே சிறிது நினைவுகூர விரும்புகிறோம்.

சேர்வராயன் மலையில் காப்பிச் செடி வேரூன்றியது 1820-களில், சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையின் முயற்சியால். அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அடிவாரச் சீமைக்கு வேதம் வந்துவிட்டது. தத்துவ போதகர் எனப் பெயர் பெற்ற ராபர்ட் தெ நோபிலி சுவாமிகள் 1623-ம் ஆண்டு மதுரையை விட்டுப் புறப்பட்டு, சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் என்று இப்பக்கம் வந்தார். அவருக்குப் பின் சுமார் ஒன்றரை நூற்றாண்டு இவ்வேலை சேசு சபையார் கையில் இருந்தது. ஒருவர் மாண்டால் வேறொருவர் கப்பலேறி வருவார்.

அந்த வரத்துதான் முதலில் நின்றது. 1759-ல் போர்த்துக்கல் அரசும், 1764-ல் பிரான்சு அரசும் சேசு சபையைத் தம் நாட்டிலிருந்து ஒழித்தன. 1773-ல் பாப்பரசர் 14-ம் கிளமெண்ட் சபையையே கலைத்துவிட்டார். முடிவு செய்தவர்கள் ஐரோப்பாவில். அதன் பலனை அனுபவித்தவர்கள் இங்கே. போதாக்குறைக்கு, சேலம் சீமை அக்காலத்தில் மைசூர் ஆட்சியில் இருந்தது. 1792-ல் கம்பெனியாரிடம் வரும்வரை போருக்கும் குறைவில்லை.

1776-ல் புதுச்சேரியைச் சேர்ந்த வேலை பாரீஸ் வேதபோதக சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிதாய் வந்தவர்கள் பழையவர்களை ஓரங்கட்டவில்லை. அங்கே எஞ்சியிருந்த பழைய சேசு சபைக் குருக்களும் அவர்களோடு சேர்ந்தே உழைத்தார்கள். சொந்தச் சபையை இழந்த வயோதிகர்கள் வேறொரு சபையின் கீழ் வேலை செய்ய இசைந்தது சாதாரணமான காரியம் அல்ல. இதற்காகவே அவர்களை நாம் வணங்கலாம்.

அவர்களுள் ஒருவர் கேர்தூ சுவாமிகள். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை 1760-களிலேயே எழுதிக் காட்டிய அறிஞர். 1779-ல் புதுச்சேரியில் காலமானார். இந்நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிவைத்தவை அவரோடு மறையவில்லை. 1792-ல் வந்த அபே துபுவா, அதே பொருள்பற்றி ஒரு பெருநூலைக் கம்பெனியாருக்குக் கொடுத்தார். அவர்கள் அதை விலைக்கு வாங்கி ஆங்கிலத்தில் வெளியிட, உலகெங்கும் துபுவாவின் பெயர் பரவியது. அந்நூலின் பெரும்பகுதி கேர்தூ சுவாமிகளின் எழுத்தைச் சார்ந்தது என்பதை 1987-ல் சில்வியா மூர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். போனவரின் அறிவு வந்தவருக்குப் பயன்பட்டது. பெயர் மட்டும் இருநூறு ஆண்டுகள் தொலைந்து கிடந்தது.

துபுவா வந்த காலமும் நல்ல காலமல்ல. பிரெஞ்சுப் புரட்சியில் பாரீஸ் குருமடம் மூடப்பட்டது. 1815-ல்தான் மீண்டும் திறந்தார்கள். அதுவரை புதிய குருக்கள் வருவது அரிதாயிற்று. துபுவாவும் 1823-ல் மனம் கசந்து, இந்தியரை மனந்திருப்புவது ஆகாத காரியம் என்று எழுதிவிட்டு ஊர் திரும்பினார்.

அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் வேலையைச் சுமந்தவர்கள் யார்? உபதேசியார்கள்தான். குருவானவர் எப்போது வருவார் என்று தெரியாத ஊர்களில் ஞாயிறு ஜெபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மந்திரங்கள் கற்பித்து, சாகக்கிடந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, மரித்தவரை அடக்கம் செய்தவர்கள் அவர்களே. அவர்களில் அநேகரின் பெயர் எந்த மலரிலும் அச்சாகவில்லை. குருவும் உபதேசியாரும் இல்லாத சில ஊர்களில் விசுவாசம் அணைந்து போனதும் உண்டு. அதை மறைப்பானேன்?

சேசு சபை 1814-ல் மீண்டும் உயிர் பெற்றது. அச்சபையார் நால்வர் 1837-ல் புதுச்சேரிக்கு வந்து, மதுரைச் சீமைக்குச் சென்றனர். புதுச்சேரியில் மேற்றிராணியார் போனான் ஆண்டகை மட்டும், கப்பலை நம்பியே இனியும் இருப்பதா என்று யோசித்தார். 1844-ல் அவர் கூட்டிய சங்கம், பள்ளிகளையும் குருமடத்தையும் வளர்த்து இந்நாட்டவரையே குருக்களாக்குவதில் முழுக்கவனம் செலுத்தியது. அதன் தீர்மானங்களை லுக்கே சுவாமிகள் ரோமைக்கு எடுத்துச் சென்றார். மறு ஆண்டே, சுதேசக் குருக்களை உருவாக்கும்படி எல்லா வேதபோதக நாடுகளுக்கும் ரோமையிலிருந்து அறிவுரை வந்தது.

சேலம் மறைமாவட்டம் 1930-ல் அமைந்தது. அதன் முதல் ஆயர் ப்ருனியர் ஆண்டகை பிரெஞ்சுக்காரர். 1949-ல் நம்மவரான செல்வநாதர் ஆண்டகை அப்பொறுப்பை ஏற்றார். 1844-ல் புதுச்சேரியில் தீர்மானித்த வேலை நம் மலையடிவாரத்து ஆயர் ஆசனம்வரை வந்துசேர நூற்றைந்து ஆண்டுகள் பிடித்தன.