சாட்சியமும் வட்டமும்: அமெரிக்கக் கறுப்பின மூதாட்டியர் தம் துயரைப் பேசிய வரலாறு

அமெரிக்காவின் கறுப்பின மூதாட்டியர் தம் மனத்துயரைச் சொல்லக் கையாளும் சொற்களுள் ஒன்று 'நெர்வ்ஸ்'. உறக்கமின்மை, படபடப்பு, காரணம் புலப்படாத அழுகை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். 'டிப்ரஷன்' மருத்துவருடைய சொல். 'நெர்வ்ஸ்' சமையலறையின் சொல். (இதை 'நரம்புத் தளர்ச்சி' என்று பெயர்க்க முடியாது, நம் ஊர்ச் சுவர் விளம்பரங்கள் அத்தொடரை வேறொரு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன.) கென்ட் மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் ஆஞ்செலா நீல்-பார்னெட், கறுப்பினப் பெண்களின் பதற்ற நோய்களைப் பற்றி 2003இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே இச்சொல்லை வைத்தார். 2011இல் அவரும் உடன் ஆய்வாளர்களும், பதற்றத்தைக் குறைக்கும் வழியாகச் 'சகோதரி வட்டம்' என்ற வடிவத்தை முன்வைத்துக் கட்டுரை வெளியிட்டனர்.

இத்தகைய சக ஆதரவுக் குழுக்களை, மனநல மருத்துவம் எட்டாத இடத்துக்கான மலிவான மாற்று என்று கருதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கால வரிசையில் வட்டமே முந்தியது. மருத்துவம் பிந்தி வந்தது; வந்தபோதும் நம்பத் தகுந்த முகத்தோடு வரவில்லை. அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு மனநோயாக்கி 1851இல் அதற்கு 'டிரேப்டோமேனியா' என்று பெயர் சூட்டியவர் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர். விடுதலைக்குப் பின்னும் கறுப்பினத்தவருக்கெனத் தனி மனநோய் விடுதிகளே எழுந்தன. மேரிலாந்தின் கிரவுன்ஸ்வில் 1911இல் தொடங்கியது. இந்த நினைவைச் சுமந்து முதுமை எய்திய ஒருத்தி, மருத்துவர் முன் வாய் திறக்கத் தயங்கியதில் வியப்பில்லை.

அவர்கள் நம்பியது சந்தா கட்டிச் சேர்ந்த சங்கங்களை. பிலடெல்பியாவில் புனித தாமஸ் ஆலயத்தைச் சார்ந்த பெண்கள் 1793இலேயே பரஸ்பர உதவிச் சங்கம் அமைத்தனர். நூறாண்டு கழித்து நாஷ்வில்லில் கேலி ஹவுஸ் என்னும் சலவைத் தொழிலாளி, முன்னாள் அடிமைகளுக்கு ஓய்வூதியம் கோரும் மாபெரும் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரானார். அதன் கிளைகள் நோயுற்ற முதியவர்களைப் பேணின. இறந்தவர்களை அடக்கம் செய்தன. அரசு அவரை அஞ்சல் மோசடிக் குற்றத்தின் பேரில் 1917இல் சிறைக்கு அனுப்பியது. ஓய்வூதியம் வரவில்லை. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் பண்ணைக் கூலிகளையும் வீட்டுப் பணியாளர்களையும் விலக்கியே வைத்தது. உழைக்கும் கறுப்பினப் பெண்களுள் பெரும்பாலோர் செய்தவை அவ்விரு வேலைகளே. வீட்டுப் பணியாளர்கள் அச்சட்டத்துக்குள் வரத் தொடங்கியது 1950களில்தான். மூதாட்டியின் மனநலம் என்று நாம் இன்று பிரித்துப் பேசுவது, அன்று வாடகையோடும் மூட்டு வலியோடும் பின்னிக் கிடந்தது.

பேச்சுக்கு இடம் தந்தது தேவாலயம். பல கறுப்பினத் திருச்சபைகளில் மூத்த பெண்களை 'மதர்' என்று விளித்து முன்வரிசையில் அமர்த்துவர். பிரார்த்தனைக் கூட்டங்களில் எழுந்து சாட்சியம் சொல்வதும், கூடியிருப்போர் இடையிடையே குரல் கொடுத்து அதைத் தாங்குவதும் மரபு. மொழியியலாளர் ஜெனீவா ஸ்மிதர்மன் 1977இல் வெளியிட்ட நூலில் இந்த அழைப்பு–மறுமொழி முறையையும் சாட்சியம் கூறலையும் கறுப்பின ஆங்கிலத்தின் அடிப்படைப் பேச்சு வடிவங்களாக விளக்கினார்.

மொழியியல் படித்தவள் என்ற முறையில் என் கண்ணில் படுவது அங்குள்ள கால விகுதி. சாட்சியம் பெரும்பாலும் இறந்த காலத்தில் நடக்கும்: துன்பம் வந்தது, இறைவன் கடத்திவிட்டான். முடிவு வெற்றியாக இருக்க வேண்டும். துன்பம் இன்னும் கடக்கவில்லை, இன்றும் தொடர்கிறது என்று சொல்ல அவ்வடிவத்தில் இடம் குறைவு. டார்லின் கிளார்க் ஹைன் 1989இல் எழுதிய கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பாலியல் வன்முறைக்கும் அதன் அச்சுறுத்தலுக்கும் நடுவில் வாழ்ந்த கறுப்பினப் பெண்கள், வெளிப்படையாகப் பேசுவது போன்ற தோற்றத்தைத் தந்தபடியே தம் அக வாழ்வை மறைத்துக் காத்தனர் என்பது அவர் வாதம்.

அந்த மறைப்பைக் குலைத்த நிகழ்வு 1983 ஜூனில் அட்லான்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் நடந்தது. பில்லி ஏவரி கூட்டிய கறுப்பினப் பெண்கள் நல மாநாட்டுக்கு ஏறத்தாழ 2000 பேர் திரண்டனர். ஏழு நாள் குழந்தை முதல் 80 வயதுப் பெண்வரை வந்ததாக ஏவரி பின்னர் நினைவுகூர்ந்தார். 18 முதல் 25 வயதுவரையான கறுப்பினப் பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் மன உளைச்சலில் வாழ்வதாகச் சொன்ன ஒரு கணக்கெடுப்பே அவரை இதில் இறக்கியது. மாநாட்டில் லில்லி ஆலன் நடத்திய பட்டறை, கறுப்பினத்தவளாகவும் பெண்ணாகவும் வாழ்வதன் யதார்த்தம் என்ன என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு வெற்றியில் முடியும் விடை தேவைப்படவில்லை. மாநாட்டிலிருந்து பிறந்த தேசியக் கறுப்பினப் பெண்கள் நலத் திட்டம், இத்தகைய பேச்சுக்கெனவே சுய உதவிக் குழுக்களை ஊர்தோறும் வளர்த்தது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் பேச வந்த பெண்கள், வீட்டில் பட்ட அடியையும் சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமையையும் பேசினர். வன்முறையே தங்கள் முதன்மையான நலப் பிரச்சினை என்று ஏவரி அறிவித்தது அந்தப் பேச்சுகளைக் கேட்ட பின்புதான். 'சுய உதவிக் குழு' என்றதும் சேமிப்பும் வங்கிக் கடனும் நினைவுக்கு வரும் நமக்கு, அங்கே சுழற்சிக்கு விடப்பட்டது சொல் என்பது சற்று வேறுபாடாகவே தோன்றும்.

முதியவர்களுக்கு வந்த சோதனை வேறு. 1980களில் கிராக் கொக்கெய்ன் நகரங்களைச் சூறையாடியபோது, பேரப் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு மீண்டும் பாட்டிமாரிடம் வந்தது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் இவ்வாறு பேரர்களை வளர்த்த 71 கறுப்பினப் பாட்டிமாரை மெரிடித் மிங்க்லரும் கேத்லீன் ரோவும் ஆராய்ந்து 1993இல் நூலாக்கினர். தம் நோயைக் குறைத்துச் சொல்லும் போக்கை அப்பெண்களிடம் காண முடிந்தது. அதை நான் அறியாமையாகப் படிக்கவில்லை. 'என்னால் முடியவில்லை' என்று ஓர் அலுவலரிடம் சொன்னால் பிள்ளை பிடுங்கப்பட்டுவிடலாம். அதே சொற்றொடரை இன்னொரு பாட்டியிடம் சொன்னால் அது பேச்சாக மட்டுமே இருக்கும். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கு வருவதற்கும் அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது, அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.