தெவெனின் தேற்றம் தெவெனினுடையதுதானா?

செமஸ்டர் பரீட்சை. 16 மார்க் கேள்வி. பாலம் மாதிரி ஒரு சர்க்யூட், நடுவில் ஒரு ரெசிஸ்டர், அதில் ஓடும் கரண்ட் எவ்வளவு? நான் கிர்க்காஃப் விதியைப் பிடித்துக்கொண்டு மூன்று சமன்பாடு எழுதி, ஒரு மைனஸை எங்கேயோ முழுங்கி, நாலு பக்கம் தள்ளி 37 ஆம்பியர் என்று முடித்தேன். (வீடே எரிஞ்சிருக்கும்!) பக்கத்து பெஞ்ச் நண்பன் அரைப் பக்கத்தில் முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டான். அவன் போட்டது தெவெனின் தேற்றம். யாருய்யா இந்த தெவெனின் என்று அன்னிக்கு வந்த கடுப்பு பல வருஷம் கழிச்சுத்தான் தீர்ந்தது.

முதலில் வித்தையைப் பார்த்துடுவோம். 12 வோல்ட் பேட்டரி. இடது கையில் மேலே 6 ஓம், கீழே 3 ஓம். வலது கையில் மேலே 4, கீழே 12. இரண்டு கைகளின் நடுவையும் இணைப்பது 5 ஓம். அந்த 5 ஓமைக் கழற்றி வச்சிடுங்க. இப்போ இடது நடுப்புள்ளியில் 4 வோல்ட், வலதில் 9. வித்தியாசம் 5 வோல்ட். அடுத்து பேட்டரியை எடுத்துட்டு அந்த இடத்தில் வெறும் கம்பி. 6-ம் 3-ம் பக்க இணைப்பில் 2 ஓம், 4-ம் 12-ம் சேர்ந்து 3 ஓம், மொத்தம் 5. ஆக, அந்தச் சிக்கல் முழுசும் 5 வோல்ட் பேட்டரி, 5 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். கழற்றினதை மாட்டினால் 10 ஓம், கரண்ட் அரை ஆம்பியர். சமன்பாடே இல்லை!

லியோன் சார்லஸ் தெவெனின் பிரான்சில் தந்தித் துறை எஞ்சினியர். தந்திக்காரர்களுக்குப் பாடமும் எடுத்தவர். 1883-இல் இதை வெளியிட்டார். பாடம் நடத்துறவருக்குத்தான் குறுக்குவழியின் அருமை தெரியும்.

ஆனால் 30 வருஷம் முன்னாடியே, 1853-இல், ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதையே எழுதிட்டார். அவர் எஞ்சினியரே இல்லை, டாக்டருக்குப் படிச்சவர். கோனிக்ஸ்பெர்க்கில் உடலியங்கியல் பேராசிரியர். (அதே ஊரில் 1845-இல், 21 வயசு மாணவனாக கிர்க்காஃப் தன் விதிகளை வெளியிட்டிருந்தார். என் மைனஸ் காணாமப் போனதுக்கும் அந்த ஊர்தான் காரணம்!)

டாக்டருக்கு சர்க்யூட் எதுக்கு? தசையிலும் நரம்பிலும் உண்டாகிற மின்சாரத்தை அளக்கத்தான். தசைக்குள் எத்தனை மின்மூலங்கள், எங்கெங்கே இருக்கு, யாருக்குத் தெரியும்? பிரிச்சுப் பார்க்கவும் முடியாது. வெளியே இரண்டு இடத்தில் கம்பியை வைக்கலாம், அவ்வளவுதான். அந்த இரண்டு புள்ளிகளிலிருந்து பார்க்கும்போது உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே ஒரு மின்னியக்கு விசையும் ஒரு தடையும் மாதிரிதான் நடந்துக்கும் என்று காட்டினார். எனக்கு இதுதான் ஆச்சரியம். நாம படம் போட்டுக் கழற்றி மாட்டுகிற வித்தை, படமே போட முடியாத ஒரு பொருளுக்காகப் பிறந்தது.

தெவெனின் திருடவில்லை. தசை ஆராய்ச்சிக் கட்டுரைக்குள்ளே கிடந்ததை தந்தி எஞ்சினியர் தேடிப் போக என்ன அவசியம்? தானாகத்தான் கண்டுபிடிச்சார். பெயரும் அவருக்கே நின்றது. ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு வேற புகழ் ஏராளம், போகட்டும்.

தெவெனின் 1926-இல் இறந்தார். அதே வருஷம் இதன் மறுபக்கம், அதாவது வோல்டேஜுக்குப் பதில் கரண்ட் மூலமாகச் சுருக்குவது, இரண்டு பேர் கையிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் நார்ட்டன் ஒரு உள் குறிப்பில் எழுதினார். ஜெர்மனியில் சீமென்ஸில் இருந்த ஹான்ஸ் ஃபெர்டினாண்ட் மேயர் பத்திரிகையிலேயே வெளியிட்டார். நாங்க படிச்ச புத்தகத்தில் நார்ட்டன் பெயர் மட்டும்தான்.

இந்த மேயர்தான் 1939 நவம்பரில், நாஜிகளின் ராடார் முதலான ரகசியங்களை எழுதி, கையெழுத்தில்லாமல் ஆஸ்லோவிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்கு அனுப்பியவர். 1943-இல் வேற காரணத்துக்காக அவரைப் பிடித்து வதை முகாமில் போட்டார்கள். கடிதம் அவருடையது என்பது நாஜிகளுக்குக் கடைசிவரை தெரியாது. 1980-இல் இறந்தார். எழுதினது அவர்தான் என்று புத்தகத்தில் அச்சானது 1989-இல்.