மனையும் உரிமையும்: பொம்மனஹள்ளியில் சொந்தவீடு

முன்னுரை

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்னும் பழமொழி, வீடுகட்டுதலைப் பொருட்செலவாக மட்டுமன்றி ஒருவரது ஆற்றலை அளக்கும் செயலாகவும் காண்கிறது. பெங்களூருவின் தென்கிழக்கில் ஓசூர்ச் சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளியில் இச்செயல் ஊரின் வடிவத்தையே மாற்றியது. அங்கு வீடுகட்டியோர் அடைந்த மதிப்பும், அதனைச் சட்டம் ஏற்கத் தயங்கிய வரலாறும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

மனை: சொல்லும் பொருளும்

தமிழில் மனை என்பது வீடுகட்டும் நிலம், வீடு, இல்லறம் ஆகிய மூன்றையும் குறிக்கும். கன்னடத்தில் இதன் இனச்சொல்லாகிய 'மனெ' வீட்டையும், அதனடியாகப் பிறந்த 'மனெதன' குடும்பத்தையும் சுட்டுகின்றன. சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில், கோவலனும் கண்ணகியும் தனிமனையில் வைக்கப்பட்டு இல்லறம் தொடங்குகின்றனர். அம்மனை பெற்றோர் அளித்தது. பிழைப்புத் தேடிப் பெங்களூரு வந்தோருள் பெரும்பாலோர்க்கு அவ்வாறு அளிப்பார் இலர். மனையைத் தாமே தேடவேண்டியிருந்தது.

ரெவின்யூ மனைகள்

1945இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியமும், அதனிடத்தில் 1976இல் வந்த பெங்களூர் வளர்ச்சி ஆணையமும் ஒதுக்கிய மனைகள் நகரின் தேவைக்குப் போதவில்லை. ஆகவே, 1964ஆம் ஆண்டின் கர்நாடக நிலவருவாய்ச் சட்டம் வேண்டும் பயன்மாற்ற அனுமதி பெறப்படாமலேயே வேளாண்நிலங்கள் பிரித்து விற்கப்பட்டன. இவையே 'ரெவின்யூ சைட்' எனப்பட்டன. இவற்றுக்கு வங்கிக்கடன் எளிதிற் கிட்டாமையால் சீட்டுப்பணமும் நகையடகும் முதலாயின. முதலில் ஓர் அறை எழும். மேலே எழவிருக்கும் மாடிக்கெனத் தூண்கம்பிகள் நீட்டி விடப்படும். பின்னர் எழுந்த மாடி, கட்டியவர்க்கு வாடகையையும் ஆயத்த ஆடைத் தொழிலாளர்க்கு உறைவிடத்தையும் தந்தது. ஒருவரது சேமிப்பு பலர்க்கு நிழலானமை இதன் சமூகப்பயன் எனலாம்.

பெரு நாட்டில் 1957 முதல் 1965 வரை பணியாற்றிய கட்டடக்கலைஞர் ஜான் டர்னர், வீடு எத்தகையது என்பதினும் அது வாழ்வோர்க்கு என்ன செய்கிறது என்பதே முதன்மையானது என வாதிட்டமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

வரியும் உரிமையும்

பொம்மனஹள்ளி நகரசபை 2007இல் பெங்களூரு மாநகராட்சியுடன் இணைந்தது. முறைப்படுத்தப்படாத மனைகளில் எழுந்த வீடுகள் 'பி' பதிவேட்டில் இடம்பெற்றன. 'பி காத்தா' எனப்பட்ட இப்பதிவு வரி பெறுவதற்கு ஏற்பட்டதேயன்றி, கட்டடத்துக்குச் சட்ட ஏற்பு வழங்கவில்லை. வரிசெலுத்தும் கடமை வந்தது. முழு உரிமை வரவில்லை. விதிமீறல்களை முறைப்படுத்த வந்த 'அக்ரம-சக்ரம' திட்டத்தை உச்சநீதிமன்றம் 2017 ஜனவரியில் நிறுத்திவைத்தது. பி காத்தாவை ஏ காத்தாவாக மாற்றும் திட்டம் 2025இல் அறிவிக்கப்பட்டது.

சட்டத்தின் தயக்கம் காரணமற்றதன்று. திட்டமின்றி எழுந்த குடியிருப்புகளில் தெருக்கள் குறுகின. நகரின் பல பகுதிகளில் 'ராஜகாலுவே' எனப்படும் மழைநீர்க் கால்வாய்கள் அடைபட்டன. ஒருவர் மனையின் பயன் அடுத்தவர்க்கு வெள்ளமாவதும் உண்டு.

முடிவுரை

பொம்மனஹள்ளியில் சட்டம் நிலத்தை நோக்கியது. மக்கள் இல்லறத்தை நோக்கினர். நிலம், வீடு, இல்லறம் என்னும் மூன்றையும் ஒருசொல்லில் அடக்கிய மொழியின் பார்வை, இவ்வழக்கிற்கு அளவுகோலாகத் தக்கது. கட்டியவரின் உழைப்பை ஏற்பதும், தெருவையும் நீர்வழியையும் காப்பதும் ஒருங்கே நிகழுமிடத்தே மனை முழுமை பெறும் என்பது இதனால் பெறப்படுகிறது.