குஞ்சுக்கா, தனக்கா? பறவைகளின் வளர்ப்புச் சுமையை அளக்கும் இடம் குறித்து

ஓர் ஈட்டில் பறவை எத்தனை முட்டையிடும்? தாயும் தந்தையும் இரையூட்டி ஆளாக்க முடிந்த அளவுக்கு என்று 1947-இல் விடையளித்தார் ஆங்கிலேயப் பறவையியலாளர் டேவிட் லேக். அதில் விடுபட்டதை 1966-இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் சுட்டினார். பெரும்பாலான பறவைகள் ஒரே பருவத்தோடு மடிவதில்லை. இவ்வாண்டுக் குஞ்சுகளுக்காகப் படும் பாடு வரும் ஆண்டுகளின் இனப்பெருக்க வாய்ப்பைக் குறைக்குமானால், இயற்கைத் தேர்வு இரண்டையும் சேர்த்தே எடைபோடும். இக்கருத்து வேரூன்றிவிட்டது, ஆனால் களச் சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இழப்பைப் பெற்றோரிடம் மட்டுமே தேடுவதால் எழும் முரண் இது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இயல்பான கூடுகளைக் கண்காணித்தால் மட்டும் இழப்பு புலப்படாது. அதிகக் குஞ்சு வளர்த்த பறவையே நீண்ட நாள் வாழ்வதும் உண்டு. வசதியான வீட்டில் நிலமும் நகையும் ஒருங்கே பெருகுகின்றன என்பதால், நிலம் வாங்கினால் நகைக்குப் பணம் குறையாது என்று சொல்லிவிட முடியுமா? நல்ல வாழிடமும் வேட்டைத் திறனும் வாய்த்த பறவை இரண்டிலும் முந்தும். வான் நூர்ட்விக்கும் டி யாங்கும் 1986-இல் இதைக் கணித வடிவில் நிறுவினர். ஆகவே, சுமையை ஆய்வாளரே கூட்டியும் குறைத்தும் பார்த்தாக வேண்டும்.

நெதர்லாந்தில் கெஸ்ட்ரல் எனும் சிறு வல்லூற்றிடம் இது செய்யப்பட்டது. வோல் எலிகளைத் தேடி, வயல்வெளிக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் வேட்டை முறை அதனுடையது. உடலாற்றலைப் பெரிதும் உறிஞ்சுவது. சில கூடுகளில் இரண்டு குஞ்சுகளைக் கூடுதலாக வைத்தனர். செர்ஜ் டானும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் வெளியிட்ட முடிவின்படி, இறந்ததாகத் தகவல் கிடைத்த பறவைகளுள் கூடுதல் குஞ்சு வளர்த்தவற்றில் 60 விழுக்காடு முதல் குளிர்காலம் முடியுமுன்பே மடிந்திருந்தன. குஞ்சு கூட்டப்படாத கூடுகளின் பெற்றோரில் அது 29 விழுக்காடே. கோடையில் பட்ட கடனைக் குளிர்காலம் வசூலித்தது.

லீச் புயற்பறவையிடம் கண்டது நேர்மாறு. வளையில் ஒரே முட்டையிடும் இக்கடற்பறவை முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. மாக்கும் கிரப்பும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரின் சிறகிறகுகளைக் கத்தரித்துப் பறக்கும் பாட்டைக் கூட்டினர். பெற்றோர் தங்கள் உடல்நிலையைத் தளரவிடவில்லை. வளர்ச்சி குன்றியது குஞ்சுக்கே.

இரு முடிவுகளையும் ஒரே கணக்கு விளக்கும். கெஸ்ட்ரலுக்கு அடுத்த பருவம் உறுதியில்லை. கையிலிருக்கும் குஞ்சுகளே அதன் பெரும் முதலீடு. புயற்பறவைக்கோ இன்னும் பல பருவங்கள் காத்திருக்கின்றன. ஒரு குஞ்சுக்காக அவை அனைத்தையும் பணயம் வைப்பது கட்டுப்படியாகாது. சுமை இருவருக்கும் உண்டு. அதை யார் தலையில் ஏற்றுவது என்பதை எஞ்சிய ஆயுளின் எதிர்பார்ப்பே தீர்மானிக்கிறது.

பல சோதனைகளைத் தொகுத்து சாண்டோஸும் நாககாவாவும் 2012-இல் செய்த பகுப்பாய்வில், குஞ்சுகளைக் கூட்டியபோது ஆண் பறவைகளின் உயிர்வாழ்வு குறைந்தது. பெண் பறவைகளிடம் அத்தகைய குறைவு தென்படவில்லை. பெண்ணுக்கு இழப்பே இல்லை என்று இதைக் கொண்டு முடிவுகட்டுவது அவசரம். அது ஊட்டலைக் குறைத்துக்கொண்டிருந்தால் கணக்கு குஞ்சின் எடையில் பதிந்திருக்கும். எனவே பெற்றோரின் உயிர்வாழ்வையும் குஞ்சுகளின் வளர்ச்சியையும் ஒரே கூட்டில் சேர்த்து அளக்காத ஆய்வு, இழப்பு இல்லை என்று கூறும் தகுதியைப் பெறாது.